கும்பகோணத்திலிருந்து வராத வற்றல்

ஹரோ
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாமாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

"போன் பண்ணாதீங்க, எழுதுங்க. எழுதினாலாவது நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கலாம்" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன் எழுதியவை கணக்கில் வராது, அவற்றைப் பாதி என் ரூம்மேட் எழுதினான்.

சுவர்ணாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் ஆன தங்கைக்கு இரண்டு வாரம் துணைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் "ஓம் ஓம், முழங்கால்" என்கிறார். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்துகொள்கிறார். வேலி குலுங்குகிறது.

இரண்டு வாரம் நாளையோடு முடிகிறது என்பதை இங்கே சும்மா குறிப்பிடுகிறேன்.

அந்த வற்றல் விஷயத்தில் என் பக்கத்தையும் நீ கொஞ்சம் கேட்க வேண்டும். மணத்தக்காளி வற்றலுக்குப் பச்சைக் காயைத்தானே பறிப்பார்கள்? பழுத்தால் ஆகாதே? அந்த முறையைத்தான் நம் வேலியோரத்து எல்டர் செடியிடம் காட்டினேன். அதே அளவு, அதே கொத்து. மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கன்சர்வேட்டரிக் கண்ணாடி அறையில் நாலு நாள் காயவைத்தேன். லண்டன் வெயிலில் நாலு நாள் என்றால் கும்பகோணத்தில் நாற்பது நிமிஷம், அது எனக்குத் தோன்றவில்லை. நெய்யில் ஒரு புரட்டு புரட்டி உன் தட்டில் போட்டேன். "ஏது?" என்று கேட்டாய். "அத்தை பெண் கும்பகோணத்திலிருந்து அனுப்பினாள்" என்றேன். அந்தச் செடியைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று நீ ஜூன் மாதமே உத்தரவு போட்டிருந்தாய். வேறு என்ன சொல்வேன்?

இப்போது எல்லாம் படித்துவிட்டேன். பச்சைக் காய் ஆகாது, காம்பு ஆகாது, இலையை வாயில் வைக்கவே கூடாது. கறுத்துப் பழுத்ததை நன்றாகக் கொதிக்கவைத்தால் மட்டும் சாப்பிடலாம். என் படிப்பு எப்போதும் பரீட்சைக்கு மறுநாள்தான், உனக்குத் தெரியாததா?

வீட்டில் உட்கார முடியவில்லை. நேற்று மெட்ரோபாலிட்டன் லைனில் ஏறி ஆல்ட்கேட் வரை போய், அதே சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். ரயிலிலாவது நான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாக ஒரு எண்ணம் வருகிறது.

எப்போது வருகிறாய்?

உன்
சுந்தரராஜன்


கோலியர்ஸ் வுட்
29 ஆகஸ்ட் 2024

ஹரோ வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டேன்.

சுவர்ணா குச்சி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள். அதனால் இனி முழங்காலைச் சொல்ல முடியாது. கனகலிங்கம் அண்ணனிடம் வேறு எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது.

இரண்டு வாரம் என்று சொன்னது நீங்கள். நான் ஒன்றும் சொல்லாமல்தான் பெட்டியை எடுத்தேன்.

வற்றலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் வற்றலுக்காகவா வீட்டைவிட்டு வந்தேன்? யோசித்துப் பாருங்கள்.

பாமா


ஹரோ
3 செப்டம்பர் 2024

அன்புள்ள பாமாவுக்கு,

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் செடியிடம் திரும்பப் போனேன். திட்டாதே, இந்த முறை வாய்க்குள் போகிற காரியமாக இல்லாமல் முதலில் இலையிலிருந்து ஆரம்பித்தேன்.

எல்டர் இலையைக் கசக்கி முகர்ந்திருக்கிறாயா? அலமாரிக்குப் பின்னால் எலி ஒன்று வருத்தப்பட்டுச் செத்த வாடை. அதுதான் அதன் குணமே. ஒரு கொத்தைக் கட்டிச் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டேன். ஈ வருவதில்லை. போஸ்ட்மேனும் வாசலிலிருந்தே கடிதத்தை எறிந்துவிட்டு ஓடுகிறான். இலையை வேகவைத்து வடிகட்டி ஆறவைத்த தண்ணீரை உன் ரோஜாவில் அப்பியிருந்த பச்சைப் பேனுக்குத் தெளித்தேன். பாதி செத்தது, பாதி கனகலிங்கம் அண்ணன் வீட்டு அவரைக்குக் குடிபோனது. அவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, உம்மட வீட்டுப் பூச்சியள் எல்லாம் இஞ்ச அகதியா வந்திருக்கு. நானும் அப்பிடி வந்தவன்தான், எண்டாலும் அவரைக்காயில வைச்சிருக்க ஏலாது" என்றார். அவருக்கும் ஒரு வாளி இலைத் தண்ணீர் கொடுத்தேன். மிச்ச இலையை உரக்குழியில் போட்டேன், சீக்கிரம் மக்குமாம். நானும் அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி பழம். இப்போது கறுத்துத் தொங்குகிறது. கொத்தைப் பிடித்து முள்கரண்டியால் சீவினால் பழம் மட்டும் உதிர்கிறது, காம்பு கையோடு நின்றுவிடுகிறது. இஞ்சி, கிராம்பு போட்டு அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பாகாக்கினேன். இருமலுக்கு வெந்நீரில் ஒரு ஸ்பூன். நானே மூன்று நாள் குடித்து, உயிரோடு இருப்பதைச் சரிபார்த்த பிறகுதான் பாட்டிலில் ஊற்றினேன். ஒவ்வொரு பாட்டிலிலும் லேபிள்: "எல்டர். பழுத்தது. கொதித்தது. கும்பகோணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

கொதிக்கும்போது ஒரு கரண்டி என் மயில்கண் வேட்டியில் சிந்தியது. துவைத்தேன், போகவில்லை. சரி, முழுவதையும் சாயம் போட்டுவிடலாம் என்று பானைக்குள் முக்கினேன். ஒரு பக்கம் கத்தரிக்காய், ஒரு பக்கம் சாம்பல், நடுவில் வெள்ளை. கட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியை வெளியே வைத்தேன். கனகலிங்கம் அண்ணன் வீட்டு வசந்தமலர் அக்கா பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட ஆக்கள்ற சடங்கோ?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதமும் அந்தப் பழச்சாற்றில்தான். சாற்றில் கொஞ்சம் வினிகரும் உப்பும் சேர்த்தால் மையாகிறது. ஊதாவாக எழுதுகிறேன். உன் கைக்கு வரும்போது பழுப்பாகியிருக்கலாம். அதற்குள் படித்துவிடு.

வீடு முழுக்க இனிப்பும் எலியுமாக மணக்கிறது. வந்துவிடேன்.

உன்
சுந்தரராஜன்


கோலியர்ஸ் வுட்
9 செப்டம்பர் 2024

உங்களுக்கு,

மை பழுப்பாகிவிட்டது. ஆனாலும் படித்தேன். இலையை எந்தப் பாத்திரத்தில் வேகவைத்தீர்கள்? என் அடிகனமான குக்கரிலா? அப்படியானால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பதில் எழுத வேண்டாம்.

சுவர்ணா வேட்டி கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அத்திம்பேர் மாதிரி மனுஷனை விட்டுட்டு எப்படிக்கா இருக்கே?" என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் சிரிக்கவைக்கிற ஆள். உங்கள் மேல் கோபப்படுகிறவள்தான் எப்போதும் சிடுமூஞ்சி.

நீங்களாக எழுதுவீர்கள் என்று பார்த்தேன். மாட்டீர்கள். நானே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி மதியம் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு மருத்துவ உதவி எண் நூற்றுப்பதினொன்றுக்குப் போன் போட்டோம். அந்த நர்ஸ் ஸ்பீக்கரில் கேட்டாள்: "வழக்கத்தில் இல்லாத எதையாவது சாப்பிட்டாரா? காட்டுக் காய், பழம், காளான், ஏதாவது?" நான் தலையைத் தூக்க முடியாமல் சோபாவில் கிடந்தேன். உங்களைப் பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள்: "இல்லை. வீட்டுச் சாப்பாடுதான்."

வாழ்நாள் முழுக்க வாயை மூடாத மனுஷன். டிக்கெட் பரிசோதகரிடம்கூடக் கதை சொல்கிறவர். அந்த ஒரு கேள்விக்கு மூன்று வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

வாந்தி மறுநாள் நின்றது. வயிற்று வலி நிற்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள்வரை அவள் பக்கத்தில் இருந்தவள் நான். ஒன்பது நாள், பாமா முடிந்தாள் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடினேன். நம் பெண் தாரிணியின் நகை எந்த லாக்கரில் இருக்கிறது, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். நான் எழுதுவதை நீங்கள் பார்த்தீர்கள். "என்ன எழுதறே?" என்று கேட்டீர்கள். சொன்னேன். கேட்டுவிட்டு எனக்கு மோர் கலந்து கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

ஒன்பதாம் நாள் கனகலிங்கம் அண்ணன் வேலியில் நின்று, "பிள்ளை, இப்ப சுகமோ? அந்தக் காயைப் பிடுங்க வேண்டாம் எண்டு நான் தம்பிக்கு அண்டைக்கே சொன்னனான்" என்றார். எனக்கு விஷயம் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது.

காயைக் கொடுத்தது உங்கள் அசட்டுத்தனம். அதோடு முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கிறேன். நான் வெளியே வந்தது அந்த மோருக்காக.

பாமா


ஹரோ
12 செப்டம்பர் 2024

பாமா,

குக்கர் இல்லை, பழைய பெயின்ட் வாளி. இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு வீட்டைச் சுற்றி நடந்தேன். பத்துச் சுற்றுக்கு மேல் எண்ணவில்லை. கனகலிங்கம் அண்ணன் கூப்பிட்டார், போகவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. சொன்னாரே என்று. பார், அப்போதும் என் புத்தி எங்கே போகிறது என்று.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நானும் அந்த வற்றலைச் சாப்பிட்டேன், ஒரு கைப்பிடி. நானும் வாந்தி எடுத்தேன். மாடி பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல். கீழே வந்து உன் நெற்றியைப் பிடித்துவிட்டேன். அதனால் எனக்குச் சந்தேகம்கூட இல்லை. நர்ஸ் கேட்டபோது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உனக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன், அதனால் சொல்லவில்லை என்று இப்போது எழுதப் பார்த்தேன். எழுதி அடித்துவிட்டேன். படித்தது நர்ஸ் போனை வைத்த பிறகுதான்.

முதல் நாள் சொன்னால் திட்டுவாய் என்று பயம். இரண்டாம் நாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பாய். மூன்றாம் நாள் இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ நோட்டில் எழுதிய அன்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து "மோர் வேணுமா?" என்று வந்தது.

ரிடையர் ஆனதிலிருந்து யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, பாமா. அன்றைக்குச் சாதத்தில் அந்த வற்றலைப் பிசைந்து, "உங்க அத்தை பெண்ணுக்கு நல்ல கைப்பக்குவம்" என்று சொன்னாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்தான் என்று சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் ருசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானமாகவும்தான் சொல்கிறேன். எனக்கு எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

இரண்டு தடவை மூர்கேட்டில் மாறி கோலியர்ஸ் வுட் வரை வந்தேன். ஸ்டேஷனைவிட்டு வெளியே வரவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு!

மன்னித்துவிடு.

சுந்தரராஜன்


கோலியர்ஸ் வுட்
17 செப்டம்பர் 2024

உங்களுக்கு,

படித்தேன். குழாய்ச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குளிக்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் கிடக்கிற கிடையில் இவருக்கு இப்போது குளியல் என்று நினைத்து, அதற்குள் தூங்கிவிட்டேன்.

ஒரு விஷயம். தாரிணி மான்செஸ்டரிலிருந்து தினமும் எனக்குப் போன் பண்ணுகிறாள். "ஏம்மா இப்படிப் பண்றே, அப்பா பாவம், தனியா இருக்கார், ஜோக் அனுப்பறார் ஆனா குரலே சரியில்லை" என்கிறாள். அவளிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் பேச்சைப் பார்த்தால், அம்மாவுக்கு மெனோபாஸ், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிற மாதிரி இருக்கிறது.

நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற இல்லை. அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும், அதனால். இப்போது அது எனக்குப் பாரமாக இருக்கிறது. உங்கள் பொய்யை இன்னும் நான்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன், உங்களைவிட அதிகமாக.

அவளிடம் சொல்வது என் வேலை இல்லை.

பாமா


ஹரோ
23 செப்டம்பர் 2024

பாமாவுக்கு,

மெனோபாஸ் என்று சொன்னது நான்தான்.

சனிக்கிழமை யூஸ்டனில் ரயில் ஏறி மான்செஸ்டர் போனேன். போனில் சொன்னால் இடையில் எங்காவது சிரிப்புக் காட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது. கதவைத் திறந்ததும், "அப்பா! சர்ப்ரைஸா!" என்று கட்டிக்கொண்டாள். டீ போட்டாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். காய், கும்பகோணம், நர்ஸ் கேட்டது, நான் சொன்னது, மாடி பாத்ரூம், உன் நோட்டு, மோர். எதையும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை அவள் முகம் சிரிக்கத் தயாரானது. அப்பா சொல்கிற கதை இப்படித்தானே போகும், கடைசியில் ஒரு வெடி இருக்கும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அந்த முகம் மாறியதைப் பார்த்தேன்.

"நைன் டேஸா, அப்பா?" என்றாள்.

"ஆமா."

"நான் அம்மாகிட்ட கத்தினேன். தெரியுமா? ரெண்டு தடவை கத்தினேன்."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ ஆறிவிட்டது. கோப்பையைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்து, "ஆறே காலுக்கு ட்ரெயின் இருக்கு. நீங்க கிளம்புங்க" என்றாள். ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதிலிருந்து என் போனை எடுப்பதும் இல்லை.

நீ சொன்னதால் சொன்னேன். நீ சொல்லியிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று ரயிலில் கேட்டுக்கொண்டு வந்தேன். வாட்ஃபோர்ட் தாண்டியும் பதில் வரவில்லை.

நீ எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

சுந்தரராஜன்


கோலியர்ஸ் வுட்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

தாரிணி நேற்று வந்திருந்தாள். அழுதாள், என் மடியில் படுத்துக்கொண்டாள், பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள். உங்களைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவைக்கவில்லை. அவளுக்கு நாள் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். ஜோக் அனுப்பாதீர்கள்.

ஸ்கேன் முடிவு வியாழக்கிழமை வந்தது. காரணம் தெரிந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று போய்விட்டு வந்தேன். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கடிதத்தை மடித்து வைத்ததும் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. அது எனக்கே எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சொல்கிறேன்.

சுவர்ணாவிடம் டிசம்பர் வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் மட்டும் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. காலையில் வாண்டில் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்து, நான் வேலை பார்க்கும் டாக்டர் கிளினிக்கின் கணக்கை அங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். என்ன பண்றே, ஏன் பண்றே, இதைப் பாரேன் அதைப் பாரேன் என்று யாரும் வருவதில்லை. நீங்கள் ரிடையர் ஆன நாளிலிருந்து என் மேஜை மேல் உங்கள் சாமான்தான் கிடந்தது. எனக்கு மேஜை வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அது என் தப்பு. இப்போது சொல்கிறேன். டிசம்பருக்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியாது. உங்களைப் போல எனக்கும் இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆனால் நான் ரயிலில் சுற்றாமல், நடந்து தீர்த்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை, ஐந்தாம் தேதி, நாலு மணிக்கு வாருங்கள். விருந்தாளியாக. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, வலது பக்கம் திரும்பி, மணி அடித்து, சுவர்ணா கதவைத் திறக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். பாட்டில் வேண்டாம், லேபிள் வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் தப்பில்லை. நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், வாட்ஃபோர்ட் தாண்டியும் வரவில்லை என்று எழுதின மாதிரி, தெரியாது என்று சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வரி பிடித்திருந்தது.

ஆறு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஸ்டேஷன் வரை நான் உங்களோடு நடந்து வருகிறேன். நீங்கள் டிக்கெட் கேட்டைத் தாண்டி உள்ளே போங்கள். ரயில் போகும்வரை நான் வெளியே நிற்கிறேன்.

பாமா